ஒபாமாகேர்: காப்பீடு எடுக்காதவர் கட்டியது அபராதமா, வரியா?

ஒபாமாகேர் என்பது அமெரிக்காவில் அதிபர் ஒபாமா கொண்டுவந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டம். காப்பீடு எடுக்காதவர் பணம் கட்ட வேண்டும் என்றது. அந்தப் பணத்தைச் சட்டத்தில் அபராதம் என்றுதான் எழுதியிருந்தார்கள். 2009 பேட்டியில் ஒபாமாவும் இதை வரி என்று ஒப்புக்கொள்ளவில்லை. வரி என்றால் ஓட்டு போய்விடுமே!

ஆனால் வழக்கு உச்ச நீதிமன்றம் போனதும் அரசுத் தரப்பே "வரியாகவும் கொள்ளலாம்" என்று வாதாடியது. 2012 ஜூனில் 5-4 என்று தீர்ப்பு வந்தது. வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை வைத்து யாரையும் காப்பீடு வாங்கச் சொல்ல முடியாது, ஆனால் வாங்காதவருக்கு வரி போடலாம் என்றார் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ். வருமான வரிக் கணக்கோடு வசூலானது, கட்டாவிட்டால் சிறை இல்லை என்பதெல்லாம் அவர் சொன்ன காரணங்கள்.

இந்த அபராதம் எதற்கு? ஏற்கெனவே நோய் இருப்பவரையும் காப்பீட்டு நிறுவனங்கள் மறுக்கக் கூடாது என்றது சட்டம். அப்படியானால் நோய் வந்த பிறகு சேர்ந்துகொள்ளலாமே என்று ஆரோக்கியமானவர்கள் ஒதுங்குவார்கள், பிரீமியம் எகிறும். அதைத் தடுக்கத்தான் 2016-ல் ஒருவருக்கு 695 டாலர் அல்லது வருமானத்தில் 2.5 சதவீதம், எது அதிகமோ அது.

2017 வரிச் சட்டம் இந்த அபராதத்தைப் பூஜ்யமாக்கியது, 2019 முதல் அமல். ஒபாமாகேர் சரிந்துவிடும் என்றார்கள், சரியவில்லை. என் கணிப்பில், பிரீமியம் கட்ட அரசு தந்த மானியம்தான் ஆட்களைச் சேர்த்தது, அபராதம் அல்ல.