ஏற்காட்டில் கூடாரத்துக்குள் ஈரம்: தங்கள் கேள்விக்குப் பதில்

வணக்கம். டிசம்பர் கடைசியில் ஆறு வயது மகளோடும் தாயாரோடும் ஏற்காட்டுக் காப்பித் தோட்டமொன்றில் கூடாரம் போட்டுத் தங்கவிருப்பதாகவும், சென்ற முறை விடிவதற்குள் உட்புறமெல்லாம் நனைந்து போர்வைகள் ஈரமாகிவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள்.

தாங்கள் நினைப்பதுபோல் அது ஓட்டையாக இருக்க வாய்ப்புக் குறைவு. மழையில்லாத இரவில், உள்ளே உறங்குபவர்களின் மூச்சிலுள்ள ஈரமே குளிர்ந்த துணியில் பட்டு நீராக வழிகிறது. எனவே குளிருக்கு அஞ்சி ஜிப்பை முழுவதும் மூடிவிடாமல், எதிரெதிராக உள்ள வலைச் சன்னல்களை நான்கு விரல் அகலமாவது திறந்து வைத்து, மேல்விரிப்பு உள்துணியில் ஒட்டாதபடி கயிறுகளை விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் தரையின் குளிர்ச்சியே உடம்பை அதிகம் வாட்டும் என்பதால், இன்னொரு கம்பளி வாங்கும் பணத்தில் தடித்த ஃபோம் பாய் வாங்குவது மேல். கரி அடுப்பை மட்டும், அணைந்ததுபோல் தோன்றினாலும், உள்ளே கொண்டு செல்லாதீர்கள். அதன் நச்சுவாயுவுக்கு மணம் கிடையாது.

மகளுக்கு வாந்தி வருமென்றால், 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்த பிறகு சிற்றுண்டி கொடுங்கள். வழியில் கைபேசி வேண்டாம். தாயாருக்கு முழங்கால் வலி இருப்பதால், தோட்டத்திலேயே ஓர் அறை கிடைக்குமா என்று கேட்டுவிடுவது நல்லது.