விட்டுப்போன அதிகாரங்கள்

அன்புள்ள அண்ணா,

நான் கடலூர் முதுநகர். லுத்தரன் சபைக் குடும்பம். பாண்டிச்சேரியில் ஒரு லேபில் வேலை. நாலரைக்கு எழுந்தால்தான் சமையலை முடித்து, பிள்ளைகளுக்கு டிபன் கட்டி, மாமியாருக்கு மாத்திரை எடுத்துவைத்துவிட்டு ஆறே முக்கால் பஸ்ஸைப் பிடிக்க முடியும். ஜனவரியில் ‘ஒரு வருடத்தில் வேதாகமம்’ என்று போனில் ஒரு வாசிப்புத் திட்டம் ஆரம்பித்தேன். லேவியராகமத்தில் நின்றுவிட்டது. இத்தனை நாள் பின்தங்கியிருக்கிறீர்கள் என்று தினமும் காலையில் அது சொல்கிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து மொத்தமாகப் படிக்கப் பார்க்கிறேன், கண் ஓடுகிறது, மனம் நிற்பதில்லை. ராத்திரி ஜெபத்துக்கு முழங்கால் போட்டால் அப்படியே தூங்கிவிடுகிறேன். சமீபத்தில் ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் பிரசங்கியார், மார்ட்டின் லுத்தர் தினமும் மூன்று மணி நேரம் ஜெபித்தார், உங்களால் அரை மணி நேரம் முடியாதா என்று கேட்டார். அழுகை வந்துவிட்டது. தேவன் என்னைவிட்டுத் தூரமாகப் போய்விட்ட மாதிரி இருக்கிறது. விட்டதையெல்லாம் எப்படிப் பிடிப்பது? பஸ்ஸில் செய்கிற ஜெபம் கணக்கில் சேருமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

விட்டதைப் பிடிக்க வேண்டாம். அந்தத் திட்டத்தை இன்றைக்கே போனிலிருந்து எடுத்துவிடுங்கள்.

யாத்திராகமம் 16-ஐத் தாண்டித்தானே லேவியராகமத்துக்கு வந்திருப்பீர்கள், வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு மன்னா என்ற ஆகாரம் வானத்திலிருந்து வந்த அதிகாரம் அது. தலைக்கு ஒரு ஓமர் அளவு, அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்றைக்குப் பொறுக்கிக்கொள்ள வேண்டும், வெயில் ஏறினால் உருகிவிடும், நாளைக்கு ஆகட்டும் என்று எடுத்துவைத்தவர்களுக்குக் காலையில் புழுவும் நாற்றமும். எல்லோரும் அந்தப் புழுவைத்தான் பிரசங்கம் செய்வார்கள். எனக்கு அதில் பிடித்தது வேறு. நேற்றைக்குப் பொறுக்காமல் விட்டவன் இன்றைக்கு இரண்டு ஓமராகப் பொறுக்கிக் கொடுக்க வேண்டும் என்று அங்கே எங்கேயும் சட்டமில்லை. பாக்கி என்ற ஒன்றே கிடையாது. இரட்டிப்பாகப் பொறுக்கச் சொன்னது ஆறாம் நாள் மட்டும், அதுவும் மறுநாள் ஓய்ந்திருப்பதற்காக. நீங்கள் நேர்மாறாக, ஓய்வுநாளில் உட்கார்ந்து வாரத்துப் பாக்கியை அடைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அப்புறம் இந்த ஒரு வருடக் கணக்கு. வேதாகமத்தில் 1,189 அதிகாரம், 365-ஆல் வகுத்தால் நாளுக்கு மூன்றுக்குக் கொஞ்சம் மேலே. முடிகிறவர்கள் செய்யட்டும், நல்ல காரியம்தான். ஆனால் நாலரைக்கு எழுந்து அடுப்பைப் பற்றவைக்கிற ஆளுக்கு, பலியின் கொழுப்பையும் குஷ்டத்தின் நிறத்தையும் பற்றி நாளுக்கு மூன்று அதிகாரம் என்றால் வேதத்தின் மேலேயே சலிப்பு வந்துவிடும். லேவியராகமம் எங்கேயும் போகாது, பிள்ளைகள் பெரியவர்களான பிறகும் அங்கேயேதான் இருக்கும். இப்போதைக்கு மாற்கு சுவிசேஷத்தை எடுங்கள், 16 அதிகாரம்தான். நாளுக்கு ஒரு சம்பவம் போதும், பத்துப் பன்னிரண்டு வசனம், வாய்விட்டு.

லுத்தர் விஷயத்துக்கு வருகிறேன், இதில்தான் எனக்குக் கொஞ்சம் கோபம். மூன்று மணி நேரம் என்பது பொய்யில்லை. 1530-ல் அவர் கோபுர்க் கோட்டையில் இருந்தபோது கூட இருந்த வைட் டீட்ரிக் அப்படி எழுதியிருக்கிறார். ஆனால் அது எப்படிப்பட்ட சமயம்? ஆக்ஸ்பர்க் நகரத்தில் பேரரசர் முன்னால் அவருடைய ஆட்கள் விசுவாச அறிக்கையை வாசிக்கிறார்கள், தடை விதிக்கப்பட்டவர் என்பதால் இவர் அங்கே போக முடியாது, மாதக்கணக்கில் கோட்டைக்குள்ளேயே இருந்து கடிதம் எழுதிக்கொண்டும் ஜெபித்துக்கொண்டும் இருந்தார். மனைவி பிள்ளைகள் விட்டன்பர்க்கில். யாருக்கும் டிபன் கட்ட வேண்டியதில்லை. அதற்கு முந்தின வருஷம்தான், 1529-ல், இதே மனிதர் சாதாரண வீடுகளுக்காகச் சிறிய ஞானோபதேசத்தை, விசுவாசத்தைக் கேள்வி பதிலாகச் சொல்லிக்கொடுக்கிற சின்னப் புத்தகத்தை, எழுதினார். உங்கள் வீட்டு அலமாரியிலேயே அது கிடக்கலாம், எடுத்துப் பாருங்கள். காலையில் எழுந்ததும் சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பரமண்டல ஜெபம், விருப்பமிருந்தால் கூடவே ஒரு சின்ன ஜெபம். அவ்வளவுதான், சந்தோஷமாக உன் வேலைக்குப் போ என்கிறார். ராத்திரிக்கும் இதே வரிசை, முடிவில் உடனே நிம்மதியாகத் தூங்கு. நிதானமாகச் சொன்னால்கூட ஐந்து நிமிஷம் ஆகாது. மேடையில் இந்த ஐந்து நிமிஷத்தைச் சொன்னால் யாரும் அழமாட்டார்கள், அதனால்தான் சொல்வதில்லை போலிருக்கிறது.

மனம் நிற்பதில்லை என்றீர்கள். லுத்தருக்கு முடிவெட்டிவந்த பீட்டர் என்பவரும் எப்படி ஜெபிப்பது என்று கேட்டார், அவருக்காக 1535-ல் லுத்தர் நீளமாகவே எழுதினார். சவரம் செய்கிறவன் கண்ணும் நினைப்பும் கத்தியில் இருக்க வேண்டும், பேச்சுக் கொடுத்துக்கொண்டே செய்தால் மூக்கையோ கழுத்தையோ அறுத்துவிடுவான் என்று அவர் தொழிலை வைத்தே சொல்கிறார். அதைவிட உங்களுக்கு உதவுகிற இடம் இன்னொன்று: பரமண்டல ஜெபத்தின் ஏழு விண்ணப்பங்களில் ஒன்றிலேயே தன் மனம் தங்கிப்போய் மற்ற ஆறையும் விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது என்கிறார். அதை அவர் குறையாகச் சொல்லவில்லை. நீங்களும் ‘எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்’ என்ற இடத்தில் மனம் மாமியார் மாத்திரைக்கோ பள்ளிக்கூட பீஸுக்கோ ஓடினால், அந்த மாத்திரைக்கும் பீஸுக்கும் அங்கேயே ஜெபித்துவிடுங்கள்.

பஸ் ஜெபம் சேரும், தாராளமாக. ஆனால் பஸ்ஸில் போனை எடுக்காதீர்கள், வேதாகமத்தைத் திறக்கப் போய் ரெட்டிச்சாவடி வருவதற்குள் வாட்ஸப்பில் இருப்பீர்கள். சங்கீதம் ஒன்றை மனப்பாடம் செய்துகொண்டு ஏறுங்கள். தேவன் தூரமாகிவிட்ட மாதிரி இருக்கிறது என்கிறவருக்கு 13-ம் சங்கீதம். ‘கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்’ என்று தாவீதே கேட்டிருக்கிறார், நீங்கள் கேட்டால் தப்பாகிவிடாது. ஆறே வசனம்தான். கன்னியக்கோவிலில் ஒன்று, கிருமாம்பாக்கத்தில் ஒன்று, தவளக்குப்பத்தில் ஒன்று என்று சொல்லிக்கொண்டு போனாலும் அரியாங்குப்பம் தாண்டுவதற்குள் முடிந்துவிடும். லேபில் இறங்கிய பிறகு அது தானாகவே இடையிடையே வாயில் வரும், அதுவும் ஜெபம்தான்.

முழங்காலில் தூங்குவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உங்களுக்குத் தூக்கம் போதவில்லை. சூரைச்செடியின் கீழே போதும் கர்த்தாவே என்று படுத்த எலியா தீர்க்கதரிசியைத் தூதன் எழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தான், அவர் சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார், அதற்கும் திட்டு விழவில்லை.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் கடிதத்தில் மாமியார் இருக்கிறார், பிள்ளைகள் இருக்கிறார்கள், லேப் இருக்கிறது, பிரசங்கியார்கூட இருக்கிறார், உங்கள் கணவரைக் காணோம். வெளிநாட்டில் இருக்கிறார் என்றால் மன்னித்துக்கொள்ளுங்கள், இந்தப் பகுதியைப் பெரிய பிள்ளையிடம் படித்துக் காட்டுங்கள். வீட்டில்தான் இருக்கிறார் என்றால், நாலரையிலிருந்து ஆறரை வரைக்கும் அவர் என்ன செய்கிறார்? நான் சொன்ன அதே ஞானோபதேசத்தில், காலை மாலை ஜெபத்தை வீட்டாருக்குக் கற்றுக்கொடுக்கிற பொறுப்பைக் குடும்பத் தலைவன் தலையில்தான் லுத்தர் வைத்திருக்கிறார், தலைப்பிலேயே. நம் மாவட்டத்து வடலூரில் 1867-ல் வள்ளலார் தர்மசாலையில் மூட்டிய அடுப்பு இன்றைக்கும் எரிகிறது, இத்தனை தலைமுறையாக ஆள் மாற்றி ஆள் பார்த்துக்கொண்டதால்தானே எரிகிறது. உங்கள் வீட்டில் பக்தி, சோறு, மாத்திரை மூன்றையும் ஒரே ஆள் பார்த்துக்கொண்டு, அணைந்தால் அந்த ஆளே அழவும் செய்தால் எப்படி? காலையில் பதினைந்து நிமிஷம் டிபன் பாக்ஸை அவர் கட்டட்டும். அந்தப் பதினைந்து நிமிஷம் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருங்கள்.

நடுவில் யாராவது கூப்பிடத்தான் செய்வார்கள். மாற்கு முதல் அதிகாரத்திலேயே 35-ம் வசனத்தில் இயேசு இருட்டோடே எழுந்து தனியிடம் போய் ஜெபிக்கிறார், அடுத்த இரண்டே வசனத்தில் சீமோன் தேடிக்கொண்டு வந்து, உம்மை எல்லாரும் தேடுகிறார்கள் என்று நிற்கிறான். அவர் எழுந்து வேலைக்குப் போய்விட்டார். நீங்களும் எழுந்து போங்கள், மறுநாள் உட்கார்ந்தால் போயிற்று.

கணவரிடம் பேசிவிட்டு எழுதுங்கள். மாற்கு எவ்வளவு தூரம் ஆயிற்று என்பதைவிட, டிபன் பாக்ஸுக்கு அவர் என்ன பதில் சொன்னார் என்பதைத்தான் நான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.