லாரி ஓட்டுபவர் மகள் பொருளாதாரம் படித்தால் என்ன?

ஐயா, "பிளஸ் டூ முடித்த பொண்ணு எக்கனாமிக்ஸ்தான் படிப்பேன், பஸ் லாரி பற்றித்தான் ஆராய்ச்சி செய்வேன் என்கிறாள். அதில் வேலை இருக்கா?" என்று கடலூரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்.

அவள் பேசுவது உங்கள் தொழிலைத்தான். புதுச்சேரியில் வாட் வரி குறைவு என்பதால் நம்மூரில் பைக் வைத்திருப்பவர்கள் பெட்ரோலுக்கு எல்லையிலுள்ள முள்ளோடைக்கு விரட்டுகிறார்கள் இல்லையா? லிட்டருக்கு 5 ரூபாய் குறைவு, போக வர 16 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 4 லிட்டர் போட்டால் மிச்சம் 20 ரூபாய். வழியில் எரிந்ததோ 30 ரூபாய்க்கு மேல், போன அரை மணி நேரம் தனி. ஆனால் அந்தப் பக்கமே லோடு ஏற்றிப் போகும் லாரி 200 லிட்டர் நிரப்பினால் மிச்சம் 1,000 ரூபாய். அதே விலை வித்தியாசம் ஒருவருக்கு நஷ்டம், இன்னொருவருக்கு லாபம். போக்குவரத்துப் பொருளாதாரம் இந்தக் கணக்கைத்தான் ஊர் அளவில் போடுகிறது.

காலை எட்டரைக்குப் பஸ்ஸில் படிக்கட்டு வரை ஆள், மதியம் பாதி சீட் காலி, டிக்கெட் மட்டும் ஒரே விலை. 1996-ல் பொருளாதார நோபல் பெற்ற வில்லியம் விக்ரி, நியூயார்க் சுரங்க ரயிலில் நெரிசல் நேரக் கட்டணத்தைக் கூட்டச் சொன்னவர். காருக்கு அப்படி ஒரு கட்டணத்தை சிங்கப்பூர் 1975-லேயே கொண்டுவந்துவிட்டது. நம் ஊரில் பஸ்ஸுக்கு அதைச் செய்தால், நேரத்தை மாற்றிக்கொள்ள முடியாத சித்தாள் அல்லவா கூடுதல் காசு கொடுப்பார்? இங்கேயோ 2021 முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமே இல்லை. அதனால் யாருக்கு என்ன மிஞ்சுகிறது, செலவை யார் சுமக்கிறார்கள் என்று கணக்கெடுக்கவும் ஆள் வேண்டும்.

சரி, வேலைக்கு வருவோம். வெறும் பி.ஏ.வோடு நிறுத்தினால் உங்கள் பயம் நியாயம்தான். பி.ஏ.விலேயே கணிதமும் புள்ளியியலும் கெட்டியாக வேண்டும். கணக்கு கசந்தால் இந்தப் பக்கம் வராமலிருப்பதே நல்லது. அப்புறம் எம்.ஏ. காலாப்பட்டில் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருக்கிறது, சென்னையில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எக்கனாமிக்ஸ். எம்.ஏ. முடித்தால், மத்திய அரசில் பொருளாதார அதிகாரி ஆவதற்கு யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வு எழுதலாம். இடங்கள் மிகக் குறைவு, அதை மட்டுமே நம்ப வேண்டாம். சாலை, மெட்ரோ, துறைமுகத் திட்டங்களுக்கு அறிக்கை தயாரிக்கும் ஆலோசனை நிறுவனங்களிலும் இந்தப் படிப்புக்கு வேலை உண்டு.

இந்த விடுமுறையில் உங்கள் டீசல், டோல், காலியாகத் திரும்பிய நடைகள், எல்லாவற்றையும் அவளை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். ஒரு மாதம் அலுக்காமல் எழுதினால், நோட்டோடு அழைத்து வாருங்கள், காலேஜ் பற்றிப் பேசுவோம்.