ஆங்கிலப் பெயர் சரியாகப் போகிறது, தமிழ்ப் பெயர் அனுப்பினால் மட்டும் நல் (null, வெற்று மதிப்பு)

நோட் ஜேஎஸ் (Node.js) கிளையன்ட்டிலிருந்து ஜேசன் (JSON, தரவை எழுதி அனுப்பும் உரை வடிவம்) அனுப்புகிறீர்கள், பெயர் ஆங்கிலத்தில் இருந்தால் பிஎச்பி சர்வர் வாங்கிக்கொள்கிறது, தமிழில் இருந்தால் டிகோட் செய்ததும் நல் வருகிறது, சரிதானே? சர்வர் பக்கம் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். நீங்கள் போட்டிருக்கும் கோடில் எவ்வளவு தரவு வருகிறது என்று சர்வருக்குச் சொல்லும் கன்டென்ட்-லெங்த் ஹெடருக்கு டேட்டா டாட் லெங்த் (data.length) கொடுத்திருக்கிறீர்கள், கோளாறு அங்கேதான்.

அந்த லெங்த் எண்ணுவது ஜாவாஸ்கிரிப்ட் எழுத்துகளைக் கணக்கிடும் யுடிஎஃப்-16 அலகுகளை, ஹெடர் கேட்பதோ பைட் கணக்கு. இணைப்பில் போகும் யுடிஎஃப்-8 வடிவில் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் 3 பைட், மேலே வைக்கிற புள்ளியும், ‘ி’ போன்ற குறிகளும்கூடத் தனித்தனியாக 3. ‘தமிழ்’ என்ற சொல்லுக்கு லெங்த் 5, உண்மையில் போவது 15 பைட். சர்வர் ஹெடரில் சொன்ன அளவு மட்டும் படித்துவிட்டு நிறுத்திக்கொள்கிறது, கடைசி அடைப்புக்குறி வந்து சேராத ஜேசனை பிஎச்பி டிகோட் செய்தால் நல்தான் வரும். மிச்ச பைட்டுகள் அதே இணைப்பில் அடுத்த ரிக்வெஸ்ட்டாகப் படிக்கப்பட்டால் 400 பிழையும் (தவறான ரிக்வெஸ்ட்) வரும்.

அதற்குப் பதில் பைட் கணக்கைத் தரும் பஃபர் டாட் பைட்லெங்த் (Buffer.byteLength) போடுங்கள். அல்லது அந்த ஹெடர் வரியையே நீக்கிவிட்டு முழு டேட்டாவையும் ரிக்வெஸ்ட்டின் எண்ட்-இல் (req.end) கொடுங்கள், நோட் தானே கணக்குப் போட்டுக்கொள்ளும். எனக்கு இதுதான் பிடிக்கும்.

அப்புறம், அதே தமிழ்ப் பெயர் பிஎச்பி சோதனை ஸ்கிரிப்டில் ஏன் வேலை செய்தது என்று கேட்டிருந்தீர்கள். அதன் ஜேசன் என்கோட் (json_encode) இயல்பாகவே தமிழ் எழுத்துகளை வெறும் ஆஸ்கி எஸ்கேப்பாக (‘த’ என்றால் \u0ba4) மாற்றிவிடும், அதனால் எழுத்துக் கணக்கும் பைட் கணக்கும் ஒன்றாகிவிடும். மாற்றிய பிறகும் நல் வந்தால் சர்வருக்கு வந்து சேர்ந்த பிஎச்பி இன்புட்டின் (php://input) ஸ்டர்லென் (strlen, பைட் எண்ணிக்கை) அளவையும் வந்த ஹெடரையும் இங்கே போடுங்கள், பார்க்கலாம்.