லீக்கா, கேஷா? ஸ்டோரேஜ் கிளஸ்டர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் செஃப் பற்றியவை. மீதி குளஸ்டர்எஃப்எஸ், மினியோ, எச்டிஎஃப்எஸ். நான்கும் பல சர்வர்களின் டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே சேமிப்பிடமாக்கும் மென்பொருள்கள்; அப்படிச் சேர்ந்த சர்வர் கூட்டம்தான் கிளஸ்டர். எல்லோருக்கும் ஒரே சந்தேகம்: "மெமரி லீக் ஆகிறது, என்ன செய்ய?" வாங்கிய மெமரியைப் புரோகிராம் திருப்பித் தராமலே போவது லீக்; வேகத்துக்காக வேண்டுமென்றே வைத்துக்கொள்வது கேஷ். எந்த வெர்ஷன், எத்தனை டிஸ்க், எவ்வளவு ரேம் என்று எழுதாதவர்களுக்குப் பொதுவாகத்தான் பதில் சொல்ல முடியும். ஒருவர் மானிட்டரை மொபைலில் படம் பிடித்து அனுப்பியிருக்கிறார். அதில் அவருடைய டீ கிளாஸ் மட்டும் தெளிவாகத் தெரிகிறது.

ஓஎஸ்டி (செஃபில் ஒரு டிஸ்க்கைக் கவனிக்கும் ப்ராசஸ்) மெமரி டார்கெட் 4 ஜிபி. ஆனால் டாப் கமாண்டில் 4.7 ஜிபி காட்டுகிறது. லீக் தானே? (பீளமேடு)

இல்லை. அது டார்கெட், வரம்பு அல்ல. பத்து இருபது சதவீதம் மேலே போகும், ரெக்கவரி நேரத்தில் இன்னும் கூடப் போகும். 24 டிஸ்க் போட்ட சர்வருக்கு 24 பெருக்கல் 4, ஆக 96 ஜிபி போதும் என்று கணக்குப் போட்டு வாங்காதீர்கள். 128 இருந்தால்தான் நிம்மதி.

ஏனுங்க சார், 128 ஜிபி ரேம் போட்டும் ஃப்ரீ கமாண்டில் 2 ஜிபிதான் மிச்சம் காட்டுது. எல்லாம் எங்கே போச்சு? (திருப்பூர், பனியன் கம்பெனி ஐடி பிரிவு)

எங்கேயும் போகவில்லைங்க. "ஃப்ரீ" என்ற பத்தியை விட்டுவிட்டு "அவைலபிள்" (கேஷிலிருந்து தேவைப்பட்டால் விடுவிக்கக்கூடியதும் சேர்ந்தது) என்ற பத்தியைப் பாருங்கள்.

கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்னெட்டிஸில், ரூக் என்ற கருவி மூலம் செஃப் ஓடுகிறது. பாட் (கன்டெய்னர் ஓடும் உறை) லிமிட் 4 ஜிபி. ஓஎஸ்டி மெமரி டார்கெட்டையும் 4 ஜிபி என்று கான்ஃபிக்கில் கொடுத்திருக்கிறேன். தினம் இரண்டு மூன்று பாட்கள் 137 என்ற கோடுடன் சாகின்றன. (சரவணம்பட்டி)

லிமிட்டும் டார்கெட்டும் ஒன்றாக இருந்தால் சாகத்தான் செய்யும். மேலே முதல் பதிலைப் படியுங்கள். 137 என்றால் 128 கூட்டல் 9. 9 என்பது கொல்லும் சிக்னல், பெரும்பாலும் கெர்னல் (இயங்குதளத்தின் மையம்) கொன்றிருக்கும். டிமெசேஜில் (கெர்னலின் பதிவில்) "மெமரி சிகுரூப்" என்ற சொல்லோடு வந்தால் லிமிட் அடித்திருக்கிறது. அந்தச் சொல் இல்லாமல் வந்தால் நோடின் (அந்த சர்வரின்) ரேமே தீர்ந்துவிட்டது. இரண்டுக்கும் மருந்து வேறு.

நீங்கள் கையால் எதுவும் கொடுக்காமல் இருந்தால் ஓஎஸ்டி பாட் லிமிட்டைப் பார்த்து, அதில் 0.8 பங்கைத் தானே டார்கெட்டாக வைத்துக்கொள்ளும். நீங்கள் எழுதிய மதிப்பு அதை மீறிவிட்டது. அதை எடுத்துவிடுங்கள். லிமிட்டை 6 ஜிபியாக்கினால் டார்கெட் ஏறத்தாழ 4.8 வரும், தாராளமாக ஓடும்.

ஓஎஸ்டி ஒன்று 7 ஜிபிக்கு ஏறிவிட்டது. ஹீப் ரிலீஸ் (சும்மா இருக்கும் மெமரியைத் திருப்பித் தரச் சொல்லும் கமாண்ட்) கொடுத்ததும் 4.5க்கு இறங்கியது. எந்த லைப்ரரியில் லீக் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (ஈரோடு)

கண்டுபிடிக்க எதுவும் இல்லை. கேட்டதும் திரும்பி வந்தது என்றால் அது லீக் இல்லை. ஓஎஸ்டி அந்த மெமரியை விட்டுவிட்டது, டிசிமாலக் (ப்ராசஸுக்கு மெமரி பங்கிட்டுத் தரும் லைப்ரரி) அதைக் கெர்னலிடம் கொடுக்காமல் கையில் வைத்திருந்தது. சீர் முடிந்த பிறகும் வாடகைப் பாத்திரத்தை அடுத்த விசேஷத்துக்கு ஆகட்டும் என்று வீட்டிலேயே வைத்துக்கொள்வார்கள் இல்லையா, அதேதான். ஹீப் ஸ்டாட்ஸில் "பேஜ் ஹீப் ஃப்ரீலிஸ்ட்" என்ற வரியில் அந்த 2.5 ஜிபி உட்கார்ந்திருக்கும்.

அடிக்கடி இப்படி ஆனால் இரண்டு இடம் பாருங்கள். ஒன்று, பழைய வெர்ஷனாக இருந்தால் டிரான்ஸ்பேரன்ட் ஹியூஜ் பேஜஸ் (மெமரியைப் பெரிய துண்டுகளாகக் கொடுக்கும் கெர்னல் வசதி). 2 எம்பி துண்டில் 4 கேபி மட்டும் உயிரோடு இருந்தாலும் முழுத் துண்டும் கணக்கில் ஏறும். புதிய வெர்ஷன்களில் செஃப் தனக்கு அதைத் தானே அணைத்துக்கொள்கிறது. இரண்டு, டிசிமாலக்கின் த்ரெட் கேஷ் அளவு. 128 எம்பி என்பது வழக்கமான அமைப்பு. யாராவது "பெர்ஃபார்மன்ஸ் ட்யூனிங்" என்று ஏற்றி வைத்திருக்கலாம்.

எங்கள் கிளஸ்டரில் 36 ஓஎஸ்டி. லீக் இருப்பதால் ஞாயிறு அதிகாலை 2 மணிக்கு எல்லாவற்றையும் ரீஸ்டார்ட் செய்ய கிரான் (குறித்த நேரத்தில் தானே ஓடும் வேலை) போட்டிருக்கிறோம். இரண்டு வருடமாக நன்றாக ஓடுகிறது. இப்போது வாரம் முழுக்கத் தாங்குவதில்லை, புதன்கிழமையே ஓஓஎம் (மெமரி தீர்ந்து ப்ராசஸ் சாவது) வருகிறது. கிரானை வாரம் இரண்டு முறை ஆக்கலாமா? (கரூர், ஏற்றுமதி நிறுவனம்)

இரண்டு வருடமாக நன்றாக ஓடவில்லைங்க. இரண்டு வருடமாக மறைத்து வைத்திருக்கிறீர்கள்.

இந்தக் கிரான் பழக்கத்தைக் கொங்கு வட்டாரத்தில் நான் பார்க்காத ஊர் இல்லை. யாரோ ஒருவர் எழுதிவைப்பார், வேறு வேலைக்குப் போய்விடுவார். அடுத்து வருபவருக்கு அது இருப்பதே தெரியாது. கோவையில் ஓரிடத்தில் அப்கிரேடுக்காகச் சனிக்கிழமை எல்லா நோடிலும் புதிய பேக்கேஜ் ஏற்றி வைத்தார்கள். மானிட்டர் (திரை அல்ல, கிளஸ்டரின் நிலையைக் கண்காணிக்கும் செஃப் ப்ராசஸ்), அப்புறம் மேனேஜர் (புள்ளிவிவரமும் மாட்யூல்களும் பார்ப்பது), அதற்குப் பிறகுதான் ஓஎஸ்டி என்ற வரிசையில் ஞாயிறு காலை நிதானமாகச் செய்வதாகத் திட்டம். இரவு 2 மணிக்குக் கிரான் எழுந்து எல்லா ஓஎஸ்டியையும் புதிய வெர்ஷனில் கிளப்பிவிட்டது. மானிட்டர்கள் பழையதிலேயே இருந்தன. விடியும்வரை போன் மேல் போன்.

சரி, உங்கள் விஷயம். முப்பத்தாறையும் ஒரே நேரத்தில் நிறுத்தினால் எல்லா பிஜியும் (டேட்டாவைப் பிரித்து வைக்கும் தொகுதிகள்) செயலற்றுப் போகும், மேலே ஓடும் விஎம்கள் ஐஓ கிடைக்காமல் உறைந்து நிற்கும். அதிகாலை 2 மணிக்கு உங்கள் பேக்கப்பும் ஓடிக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன், பாருங்கள். ரீஸ்டார்ட் ஆனதும் ஓநோட் (ஆப்ஜெக்ட் விவரம்) கேஷ் காலி. திங்கள் காலை "சிஸ்டம் ஸ்லோ" என்று கணக்குப் பிரிவிலிருந்து புகார் வருகிறதா? அதற்குக் காரணம் இதுதான்.

எல்லாவற்றையும் விட மோசம், சாட்சியை வாராவாரம் அழிக்கிறீர்கள். லீக் என்பது ஏறிக்கொண்டே போகும் கோடு. கேஷ் ஏறி ஓர் உயரத்தில் நின்றுவிடும். இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கிராஃபை நீளமாக ஓடவிட வேண்டும். ஏழு நாளில் வெட்டிக்கொண்டே இருந்தால் எது எது என்று ஆண்டவனுக்கும் தெரியாது.

கிரானை எடுங்கள். ஒரே ஒரு ஓஎஸ்டியைத் தேர்ந்தெடுத்து அதை மட்டும் ஏறவிடுங்கள். மணிக்கொரு முறை டம்ப் மெம்பூல்ஸ் (ஓஎஸ்டிக்குள் எந்தப் பகுதி எவ்வளவு மெமரி வைத்திருக்கிறது என்ற பட்டியல்) எடுத்து ஒரு ஃபைலில் சேருங்கள், கூடவே ஹீப் ஸ்டாட்ஸும் ஆர்எஸ்எஸ்ஸும் (ப்ராசஸ் பிடித்திருக்கும் மொத்த ரேம்). மூன்று எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆர்எஸ்எஸ் பெரிதாகி ஹீப்பில் பயன்பாட்டிலிருப்பது ஏறவில்லை என்றால் டிசிமாலக், ஈரோட்டுக்காரருக்குச் சொன்ன பதில். பயன்பாடு ஏறி, மெம்பூலில் ஏதோ ஒரு வரி அதே அளவு ஏறினால் குற்றவாளி அந்த வரி: பிஜி லாக், பஃபர் அனான், ஓஎஸ்டி மேப், எதுவாகவும் இருக்கலாம். பயன்பாடு ஏறுகிறது, மெம்பூல் மொத்தம் அசையவில்லை என்றால்தான் உண்மையான மர்மம். மெம்பூல் முத்திரை குத்தாத இடத்தில் யாரோ வாங்கித் திருப்பித் தராமல் இருக்கிறார்கள்.

அப்போது மட்டும் ஹீப் ப்ரொஃபைலரை (யார் மெமரி வாங்குகிறார்கள் என்று பதியும் கருவி) எடுங்கள். தொடங்கி, ஒரு டம்ப், சில மணி நேரம் கழித்து இன்னொரு டம்ப். முதலாவதை அடித்தளமாக வைத்து பிப்ரோஃபில் வித்தியாசம் பார்த்தால் எந்த ஃபங்ஷன் என்று தெரியும். ஓடும் அதே வெர்ஷனின் டீபக் சிம்பல்ஸ் வேண்டும், இல்லாவிட்டால் வெறும் முகவரிகள்தான் வரும். வேலை முடிந்ததும் ப்ரொஃபைலரை நிறுத்த மறக்காதீர்கள், அது ஓடும்வரை ஓஎஸ்டி மந்தமாகும்.

நடுவில் மெமரி நெருக்கினால் அந்த ஒன்றை மட்டும் ரீஸ்டார்ட் செய்யுங்கள். முதலில் டம்ப், பிறகு ரீஸ்டார்ட். நோஅவுட் (விழுந்த ஓஎஸ்டியை வெளியேற்றாதே என்ற அமைப்பு) போட்டு, ஒன்று எழுந்து பிஜி எல்லாம் ஆக்டிவ் கிளீன் ஆன பிறகு அடுத்தது. நோஅவுட் இல்லாமல் ஒன்று எழாமல் போனால் பத்து நிமிடத்தில் டேட்டா நகரத் தொடங்கும்.

மேனேஜர் டீமன் தினம் அரை ஜிபி ஏறுகிறது. அதற்கும் இதே கதைதானா? (பல்லடம்)

மேனேஜருக்கு மட்டும் சலுகை உண்டு. அது டேட்டா பாதையில் இல்லை. மேனேஜர் ஃபெயில் கொடுத்தால் ஸ்டாண்ட்பை எடுத்துக்கொள்ளும், பழையது புதிதாக எழும். தேவையில்லாத மாட்யூல்களை ஒவ்வொன்றாக அணைத்துக் கோட்டின் சாய்வு மாறுகிறதா பாருங்கள். நானாக இருந்தால் ப்ரோமிதியஸ் மாட்யூலில் தொடங்குவேன்.

ஓஎஸ்டி ஒன்று எழும்போதே 60 ஜிபி தின்றுவிட்டுச் சாகிறது. சாவதற்குள் எடுத்த மெம்பூலில் ஓஎஸ்டி பிஜி லாக் மட்டும் 50க்கு மேல். (நாமக்கல்)

அருமையான கடிதம். டம்ப்பை எடுத்துவிட்டுக் கேட்டிருக்கிறீர்கள், அதனால் பதில் எளிது. பிஜி லாக்கில் (ஒவ்வொரு பிஜியிலும் நடந்த மாற்றங்களின் பதிவு) "டூப்ஸ்" என்ற பழைய பதிவுகள் வெட்டப்படாமல் லட்சக்கணக்கில் குவிந்திருக்கின்றன. பிஜி எண்ணிக்கையை ஆட்டோஸ்கேலர் மாற்றிய கிளஸ்டர்களில் இது நடந்தது. 2022-ல் திருத்தம் வந்தது. ஓஎஸ்டியை நிறுத்திவிட்டு ஆப்ஜெக்ட்ஸ்டோர் டூலில் டிரிம் பிஜி லாக் டூப்ஸ் ஓட்ட வேண்டும், ஒவ்வொரு பிஜிக்கும். டூல் திருத்தம் வந்த வெர்ஷனாக இருக்க வேண்டும். மற்ற ஓஎஸ்டிகளையும் ரீஸ்டார்ட் செய்யும் முன் பாருங்கள், அவற்றிலும் இருக்கும். உங்கள் இடத்தில் கரூர்க் கிரான் இருந்திருந்தால் ஒரே இரவில் எல்லாமே எழ முடியாமல் போயிருக்கும்.

எம்டிஎஸ் (செஃப் ஃபைல்சிஸ்டத்தின் ஃபைல் பட்டியலைக் கவனிக்கும் ப்ராசஸ்) கேஷ் லிமிட் 4 ஜிபி, ஆனால் 20 ஜிபி தாண்டிவிட்டது. கிளையன்ட் கேஷ் பிரஷருக்குப் பதில் தரவில்லை என்று வார்னிங் வேறு. (பொள்ளாச்சி)

வார்னிங்கே பதிலைச் சொல்லிவிட்டது, நீங்கள்தான் படிக்கவில்லை. கிளையன்ட் கேப்ஸை (ஃபைலைக் கையாளும் அனுமதிகளை) விடாதவரை எம்டிஎஸ் அந்த ஐநோடுகளை (ஃபைல் விவரங்களை)த் தூக்கியெறிய முடியாது. செஷன் லிஸ்ட்டில் கேப்ஸ் எண்ணிக்கையை வரிசைப்படுத்துங்கள், ஒருவர் மட்டும் தனியாகத் தெரிவார். பெரும்பாலும் பேக்கப் சர்வர், அல்லது தினமும் டைரக்டரி மரம் முழுக்க ஏறி இறங்கும் அப்டேட்டிபி (ஃபைல் பெயர்களைப் பட்டியலிடும் வேலை). அதன் கான்ஃபிக்கில் விலக்க வேண்டிய ஃபைல்சிஸ்டம் பட்டியலில் செஃப் இருக்கிறதா பாருங்கள். கிளையன்ட் கெர்னல் பழையதாக இருந்தால் அதையும் மாற்றுங்கள்.

குளஸ்டர்எஃப்எஸ் ஃபியூஸ் மவுன்ட் (ஸ்டோரேஜை ஃபோல்டராக இணைக்கும்) ப்ராசஸ் மாதக் கடைசியில் 10 ஜிபி ஆகிறது. (கோபி)

ஸ்டேட் டம்ப் (ப்ராசஸின் உள்நிலைப் பதிவு) எடுங்கள், யுஎஸ்ஆர்1 சிக்னல் போதும். பிறகு டிராப் கேஷஸில் (கெர்னல் கேஷைக் காலி செய்யச் சொல்லும் ஃபைல்) 2 எழுதிவிட்டு மறுபடி ஒன்று எடுங்கள். ஐநோட் எண்ணிக்கை சரிந்தால் லீக் இல்லை, கெர்னல் பிடித்து வைத்திருந்தது. மவுன்ட்டில் எல்ஆர்யு லிமிட் (வைத்திருக்கும் ஐநோட் எண்ணிக்கைக்கு வரம்பு) கொடுங்கள். சரியவில்லை என்றால் இரண்டு டம்ப்பையும் வெர்ஷனையும் எனக்கு அனுப்புங்கள். டிராப் கேஷஸை இப்படிச் சோதிக்க மட்டும் பயன்படுத்துங்கள். அதைக் கிரானில் போட்டேன் என்று அடுத்த கடிதம் வரக்கூடாது.

ப்ரொடக்ஷனில் ஓஎஸ்டியை வால்கிரிண்டில் (மெமரிப் பிழை தேடும் கருவி) ஓட்டலாமா? (கோவை, கல்லூரி மாணவர்)

வேண்டாம் தம்பி. பத்து மடங்குக்கு மேல் மந்தமாகும், மற்ற ஓஎஸ்டிகள் அதைச் செத்துவிட்டதாக அறிவித்துவிடும். லேபில் ஓட்டுங்கள்.

மினியோ ஆர்எஸ்எஸ் இறங்குவதே இல்லை. (சேலம்)

எந்த வெர்ஷன்? கோ மொழியின் 1.12 முதல் 1.15 வரையிலான ரன்டைமில் கட்டியதாக இருந்தால் விட்ட மெமரியும் ஆர்எஸ்எஸ்ஸில் தொங்கும், கெர்னல் நெருக்கடி வந்தால்தான் எடுக்கும். 1.16-ல் அதை மாற்றினார்கள். கோ 1.19 அல்லது அதற்கு மேல் என்றால் கோமெம்லிமிட் (மெமரிக்கு வரம்பு சொல்லும் அமைப்பு) கொடுத்துப் பாருங்கள்.

எச்டிஎஃப்எஸ் நேம்நோட் (ஃபைல் பட்டியலை ரேமில் வைத்திருக்கும் சர்வர்) ஹீப் 16 ஜிபி நிரம்பிவிட்டது. 4 கோடி ஃபைல், பெரும்பாலும் சின்னச் சின்ன சென்சார் ஃபைல்கள். ஜிசி (தேவையற்ற மெமரியைத் தானே துடைப்பது) ட்யூனிங் சொல்லுங்கள். (கோவை)

ஜிசியை விடுங்கள். ஒரு ஃபைல், ஒரு பிளாக் என்றால் 8 கோடி ஆப்ஜெக்ட். ஒன்றுக்கு 150 பைட் என்ற பழைய கணக்கில் 12 ஜிபி, மற்ற தேவைகளும் சேர்ந்தால் 16 போதாது. இதில் லீக் எதுவும் இல்லை. சின்ன ஃபைல்களைச் சேர்த்துப் பெரிதாக்குங்கள்.

மின்தடையில் யுபிஎஸ்ஸும் தீர்ந்து மொத்த கிளஸ்டரும் விழுந்தது. கரண்ட் வந்ததும் எல்லா ஓஎஸ்டியும் ஒரே நேரத்தில் எழுந்து மெமரி தீர்ந்து சாகின்றன. (பெருந்துறை)

பியரிங் (ஓஎஸ்டிகள் தங்களுக்குள் பிஜி நிலையை ஒத்துப்பார்ப்பது), ரெக்கவரி, விட்டுப்போன ஓஎஸ்டி மேப் (எந்த ஓஎஸ்டி எந்த நிலையில் என்ற வரைபடம்) எல்லாம் ஒன்றாக வருவதால் இப்படி ஆகிறது. நோஅவுட், நோரீபேலன்ஸ், நோரெக்கவர், நோபேக்ஃபில் நான்கையும் போடுங்கள். நோஅப்பும் (எழுந்த ஓஎஸ்டியை இப்போதைக்குக் கணக்கில் சேர்க்காதே என்பது) போட்டுவிட்டு ஹோஸ்ட் ஹோஸ்ட்டாக எழுப்பி, மேப்பைப் பிடித்து முடிக்கும்வரை விடுங்கள். பிறகு நோஅப்பை எடுங்கள், பியரிங் முடிந்ததும் மற்றவற்றை ஒவ்வொன்றாக. அதற்கும் சாகிறதென்றால் நாமக்கல்காரருக்குச் சொன்னதைச் சோதியுங்கள். ஸ்வாப் (டிஸ்க்கை ரேம் போலப் பயன்படுத்துவது) போட்டுச் சமாளிக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எழுப்பி முடிக்கும் அந்த ஒரு நாளுக்கு மட்டும் என்றால் சரி, அப்புறம் எடுத்துவிடுங்கள்.