கர்ப்பிணிக்கு எக்ஸ்ரே எடுக்க நேர்ந்தால், வயிற்றுப் பிள்ளைக்குக் கதிர்வீச்சு போகாமல் பார்த்துக்கொள்வது எப்படி? ஈய ஏப்ரன் போட்டால் போதுமா?

பாம்பன் பக்கம் ஒரு சிறிய ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. ஏப்ரன் போடுவதைவிட மாமியாரை வெளியே அனுப்புவதுதான் முக்கியம் என்பேன்.

கடல்பாசி எடுக்கப் போன இடத்தில் பாறையில் வழுக்கி விழுந்த பெண் ஒருத்தி வந்தாள். இடுப்பு வலி, கல்யாணமாகி நாலைந்து மாதம். "முழுகாமல் இருக்கிறாயா?" என்றேன். "அதெல்லாம் ஒன்றுமில்லை, நீ எடும்மா" என்று மாமியார் முந்திக்கொண்டார். பில் கட்டிவிட்டு வாருங்கள் என்று அவரை அனுப்பி, கதவைச் சாத்திவிட்டு மறுபடி கேட்டேன். "ஆறு நாள் தள்ளியிருக்கிறது, அக்கா. நிச்சயமாகட்டும் என்று வீட்டில் சொல்லவில்லை." சிறுநீர்ப் பரிசோதனையில் இரண்டு கோடு விழுந்தது. டாக்டர் காலை நீட்டி மடக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, படம் இப்போதைக்கு வேண்டாம் என்றார்.

இடுப்பு முதுகெலும்புப் படத்தில் கதிர் நேராகக் கருப்பைமேல் விழும். கருவுக்கு 1 முதல் 10 மில்லிகிரே வரை போகலாம் (உடம்பு வாங்கும் கதிரை அளக்கும் அலகு இது). நெஞ்சு எக்ஸ்ரேயில் 0.01-ஐத் தாண்டாது. சும்மா இருந்தாலே மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் ஒன்பது மாதத்தில் 0.5 முதல் 1 வரை சேர்ந்துவிடும். 100 மில்லிகிரேக்குக் குறைவான அளவைக் காரணம் காட்டிக் கருவைக் கலைப்பது நியாயமில்லை என்று சர்வதேசக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம் சொல்கிறது. தெரியாமல் எடுத்துவிட்டோமே என்று பயந்து மாத்திரை வாங்கிப் போட்டுவிடாதீர்கள்.

ஏப்ரன் விஷயம். நெஞ்சுப் படத்தில் பிள்ளைக்குப் போகும் துளியும் பெரும்பாலும் தாயின் உடம்புக்குள்ளேயே சிதறி வருவது. வெளியே தொங்கும் ஈயம் அதை என்ன செய்யும்? அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கமே 2019-இல் கருவை மறைக்க ஈயம் போடும் வழக்கத்தை விடச் சொல்லிவிட்டது. கேட்பவர்களுக்கு மனத்தெம்புக்காகப் போட்டுவிடுகிறேன். மிஷின் விளக்கின் வெளிச்சச் சதுரம் உடம்பில் விழும் அல்லவா, அதைத் தேவையான இடத்தளவுக்குச் சுருக்குவதும் ஒரே தடவையில் படத்தை முடிப்பதும்தான் உண்மையான பலன் தரும். கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்களுக்கு மூச்சைப் பிடிக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. நெஞ்சுப் படம் கலங்காமல் விழும்.

வேறு ஊரில் எடுத்த ஃபிலிம் இருந்தால் மஞ்சள் பையில் போட்டு எடுத்துவாருங்கள், மறுபடி எடுக்காமல் தப்பலாம். வயிற்று வலிக்கு முதலில் அல்ட்ராசவுண்ட், அதிலும் எம்.ஆர்.ஐ.யிலும் இந்தக் கதிரே கிடையாது. ஆனால் விபத்தில் தலையில் அடி என்றால் சி.டி.யைத் தள்ளிப்போடக் கூடாது. அதில் வயிற்றுக்குப் போவது மிகச் சொற்பம்.

அன்று பில்லோடு திரும்பிய மாமியாரிடம் மிஷின் ரிப்பேர் என்று சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். சேதியை அவளே சொல்லிக்கொள்ளட்டும்.