காடி பழசு, உங்களுக்குத்தான் புதுசு

பட்டறை பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஃபோர்வீல் காடிகளைப் பற்றியவை. எல்லாரும் எங்கேயோ கிளம்பப் போகிறீர்கள் போலிருக்கிறது. செந்தூலில் பட்டறைக் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு படிக்கிற எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது. சரி, கேள்விகளுக்குப் போவோம்.

ஐயா, மூன்று வாரத்துக்கு முன் 2012ஆம் ஆண்டு டொயோட்டா ஹைலக்ஸ் 2.5 மேனுவல் ஒன்றைப் பழசாக வாங்கினேன். மீட்டரில் 212,000 கி.மீ. காட்டுகிறது. டிசம்பரில் குடும்பத்தோடு குவா மூசாங், கோத்தா பாரு போய், ஜெலி – கெரிக் மலைச்சாலை வழியாகப் பினாங்குக்கு வந்து வீடு திரும்ப ஆசை. கையில் 5,000 வெள்ளி இருக்கிறது. வின்ச்சும் பெரிய டயரும் போடலாமா? – வாசகர், கிள்ளான்

தம்பி, சேற்றில் சிக்கிய காடியைக் கம்பிவடத்தால் இழுக்கிற அந்த வின்ச்சை மறந்துவிடுங்கள். நீங்கள் சொன்ன வழி முழுக்கத் தார்ச்சாலை. அங்கே வின்ச்சுக்குத் தேவையே வராது. அந்தப் பணத்தை யார் கண்ணுக்கும் தெரியாத இடங்களில் போடுங்கள். விற்றவர் எதை மாற்றியதாகச் சொன்னாலும் ரசீதைக் கேளுங்கள். ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்று வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

முதல் வேலை டைமிங் பெல்ட், அதாவது பிஸ்டனையும் வால்வையும் ஒரே தாளத்தில் ஓட வைக்கிற வார். உங்கள் 2கேடி இன்ஜினில் இருப்பது பெல்ட், செயின் இல்லை. 150,000 கி.மீ. ஓடியதும் மாற்ற வேண்டும். அதை நினைவுபடுத்த மீட்டரிலேயே ஒரு விளக்கு வைத்திருக்கிறார்கள். "விளக்கு எரியவில்லையே" என்று நிம்மதியாக இருக்காதீர்கள். பெல்ட்டைத் தொடாமலே விளக்கை மட்டும் அணைக்கத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் நிறைய. ஓடும்போது பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வில் போய் மோதும். குவா மூசாங் தாண்டி அது நடந்தால் உங்கள் 5,000 வெள்ளி இழுத்து வரும் கூலியிலேயே கரையத் தொடங்கும். பெல்ட்டோடு அதை இறுக்கிப் பிடித்து ஓட்டும் உருளைகளான டென்ஷனரையும் ஐட்லரையும் சேர்த்தே மாற்றுங்கள்.

அடுத்தது எண்ணெய்கள். இன்ஜின் எண்ணெயை எல்லாரும் மாற்றுவார்கள். கியர் பெட்டி, சக்தியை முன் பின் அச்சுகளுக்குப் பிரிக்கிற டிரான்ஸ்ஃபர் பெட்டி, அச்சின் நடுவே இருந்து இரு சக்கரங்களுக்கும் சக்தி கொடுக்கிற முன் டிஃப், பின் டிஃப் ஆகிய நான்கையும் பத்து வருஷமாக யாரும் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். திறக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: எண்ணெய் ஊற்றுகிற மேல் நட்டை முதலில் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் கீழ் நட்டைத் தொட வேண்டும். கீழ் நட்டைக் கழற்றி எண்ணெயெல்லாம் வடிந்த பிறகு, துருப்பிடித்த மேல் நட்டு அசையாமல் நின்றால் காடி அப்படியே படுத்துவிடும். என் பட்டறையில் புதுப் பையன்கள் ஆளுக்கொரு முறை இதைச் செய்துவிட்டுத்தான் கற்றுக்கொண்டார்கள்.

வடிகிற எண்ணெய் கறுப்பாக இருந்தால் பரவாயில்லை, பழசு, அவ்வளவுதான். தே தாரிக் மாதிரி பால் தேநீர் நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. இது எனக்கே நடந்தது. 2014 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, நண்பர்களோடு கிளந்தானில் உள்ள கோலக்கிராய்க்கு அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு போனேன். பல மணி நேரம் ஓடிக் கொதித்துப்போன பின் அச்சை அப்படியே குளிர்ந்த நீரில் இறக்கினேன். சூடான டிஃப் திடீரென்று குளிர்ந்தால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். அப்போது வெளிக்காற்றை உள்ளே விடுவதற்கென்று மேலே பிரீதர் என்ற ஒரு சின்ன மூச்சுக்குழாய் உண்டு. என் காடியில் அது சேறு அடைத்துக் கிடந்தது. காற்று வர வழியில்லாததால் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டது. இரண்டு மாதம் கழித்து டிஃப் ஊளையிட ஆரம்பித்தது. ஊருக்கெல்லாம் பிரீதரைப் பார், பிரீதரைப் பார் என்று சொல்கிற போர்மன், பழைய காடிகளை வெட்டிப் பாகம் விற்கிற ஹாஃப் கட் கடையில் போய் முழு டிஃப் வாங்கி மாட்டினேன். மனைவிக்கு விலையைப் பாதியாகத்தான் சொன்னேன். உங்கள் காடியில் அந்தக் குழாயைக் கழற்றி ஊதிப் பாருங்கள். காசு செலவில்லாத வேலை.

ரேடியேட்டர் மூடி, ஹோஸ்கள், ஃபேன் பெல்ட் எல்லாம் ரப்பர் சமாச்சாரம். விரலால் அமுக்கினால் வெடிப்பு தெரியும். சந்தேகம் வந்தால் மாற்றுங்கள். பழைய ஃபேன் பெல்ட்டைத் தூக்கிப் போடாமல் சீட்டுக்கு அடியில் வையுங்கள். டீசல் ஃபில்டரைப் புதிதாகப் போடும்போது அடியில் தேங்கிய தண்ணீரையும் வடிக்கச் சொல்லுங்கள்.

பிரேக் எண்ணெயைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். அது காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல மெல்லக் குடிக்கும். ஈரம் ஏற ஏறக் கொதிநிலை இறங்கும். மலைச்சாலை இறக்கத்தில் குடும்பம், சாமான் எல்லாம் ஏற்றிக்கொண்டு பிரேக்கை மிதித்தபடியே வந்தால் எண்ணெய் கொதித்துக் குமிழி விடும். அப்போது பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், காடி நிற்காது. தொட்டியில் கோப்பி ஓ மாதிரி கறுப்புக் காப்பி நிறத்தில் இருந்தால் உடனே மாற்றுங்கள். நல்ல நிறத்தில் இருந்தாலும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுவது என் பழக்கம். எண்ணெய் புதிதாக இருந்தாலும் இறக்கத்தில் கியரைக் குறைத்து இறங்குங்கள்.

நான்கு சக்கர இயக்கம் வேலை செய்கிறதா என்று வாங்கும்போது பார்த்தீர்களா? பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. ஒரு செம்மண் பாதையில் 4எச் (நான்கு சக்கரமும் சாதாரண வேகத்தில் இழுக்கும் நிலை) போட்டு மெதுவாக வளைத்துப் பாருங்கள், பிறகு 4எல் (மெதுவாக, பலமாக இழுக்கும் நிலை). டக் டக் என்று சத்தம் வந்தால் எங்களிடம் வாருங்கள். காய்ந்த தாரில் மட்டும் இந்தச் சோதனை வேண்டாம். வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் ஓட வேண்டும். உங்கள் காடியில் 4எச் போட்டால் இரண்டு அச்சுகளும் பூட்டிக்கொள்ளும். செம்மண்ணில் சக்கரம் வழுக்கிச் சமாளித்துவிடும், தாரில் வழுக்க முடியாமல் கியர்கள்தான் முறுக்கிக்கொள்ளும்.

இதெல்லாம் போக மிச்சமிருந்தால் டயர். பெரிய டயர் வேண்டாம், அதே அளவில் புதிது போதும். இப்போதிருக்கும் டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2317 என்றால் 2017ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. டயரின் மேலுள்ள பூ (வெட்டுக்கோடுகள்) நன்றாகத் தெரிகிறது என்று அந்த வயசு டயரை நம்பி மலையேறாதீர்கள்.

வேலையெல்லாம் முடிந்ததும் உடனே கிளந்தானுக்குக் கிளம்பாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, போகப்போகும் அதே சுமையோடு கோல குபு பாரு வழியாகப் பிரேசர் மலை அடிவாரம் ஏறி, ரவூப், பெந்தோங் சுற்றிக் காராக் நெடுஞ்சாலையில் திரும்பி வாருங்கள்.  ஏற்றம், இறக்கம், வளைவு, வேகம் எல்லாம் அதில் இருக்கிறது. இரவு வீட்டு வாசலில் காடிக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து வையுங்கள். காலையில் அட்டையில் என்ன சொட்டியிருக்கிறதோ அதுதான் உங்கள் அடுத்த வேலை.

இப்போது உங்களுக்குப் பிடிக்காத பதில். டிசம்பரில் போகாதீர்கள். கிழக்குக் கரையில் வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கி மார்ச் வரை நீளும், கிளந்தானில் டிசம்பர்தான் மோசம். ஃபோர்வீல் இருக்கிறதே என்கிறீர்களா? மூழ்கிய சாலையில் பள்ளம் எங்கே என்று ஃபோர்வீலுக்கும் தெரியாது. ஏப்ரலில் போங்கள். அப்போதும் ஜெலியில் டேங்கை நிரப்பிக்கொண்டு ஏறுங்கள். அங்கிருந்து கெரிக் வரை சுமார் 120 கி.மீ. காடும் மலையும்தான், பல இடங்களில் போன் எடுக்காது. யானை நடமாடும் இடம் என்று பலகை வைத்திருப்பார்கள். அது அலங்காரத்துக்கு வைத்ததில்லை. பகலில் கடந்துவிடுங்கள். யானை நின்றால் தள்ளி நிறுத்துங்கள், ஹாரன் அடிக்காதீர்கள்.

அண்ணே, பழைய டிரைட்டன் வாங்கியிருக்கிறேன். ஸ்னோர்க்கல், இரண்டு அங்குல லிஃப்ட், கூரையில் கேரியர், எல்இடி பார் எல்லாம் போட்டால் மொத்தமாக விலை குறைத்துத் தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார். நெடும்பயணத்துக்கு எது அவசியம்? – வாசகர், ஜார்ஜ்டவுன்

எதுவுமில்லை.

கொஞ்சம் விரித்துச் சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். ஸ்னோர்க்கல் என்கிற உயரக் குழாயைப் போட்டால் இன்ஜினுக்குக் காற்று மேலிருந்து வரும், உண்மைதான். ஆனால் இணைப்புகளைச் சரியாக அடைக்கவில்லை என்றால் தண்ணீர் வழக்கம்போலக் கீழிருந்தே போகும். அப்படி அடைக்காமல் அழகுக்கு மாட்டிய ஸ்னோர்க்கல்களை நிறையக் கழற்றியிருக்கிறேன். காடியை உயர்த்துகிற லிஃப்ட் போன்ற மாற்றத்துக்குச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் ஒப்புதல் வேண்டும். இல்லையென்றால் சாலையில் சம்மன், விபத்து நடந்தால் இன்சூரன்சோடு தகராறு. கேரியரில் எடை ஏற்றினால் வளைவில் காடி சாய்வது உங்கள் மாமியாருக்கே தெரியும். டீசலும் கூடக் குடிக்கும். தீபகற்பத்தில் 2.15 வெள்ளி டீசல் 2024 ஜூன் 9ஆம் தேதியோடு முடிந்த கதை என்பதை நினைவில் வையுங்கள்.

உங்கள் டிரைட்டன் பழைய 4டி56 இன்ஜின் என்றால் அதிலும் டைமிங் பெல்ட்தான். கூடவே இன்ஜின் அதிர்வைக் குறைக்கிற பேலன்சருக்கென்று ஒரு சின்ன பெல்ட்டும் உண்டு. பெரியதை மாற்றிவிட்டுச் சின்னதை விட்டுவிடுவார்கள். சின்னது அறுந்து பெரியதில் போய்ச் சிக்கினால் எல்லாம் போச்சு. எல்இடி பார் காசில் இரண்டையும் மாற்றுங்கள்.

நான் வாங்கிய காடி 2021 வெள்ளத்தில் மூழ்கியதாக இருக்குமோ என்று பக்கத்து வீட்டுக்காரர் சந்தேகத்தைக் கிளப்பிவிட்டார். விலையும் மலிவாகத்தான் கிடைத்தது. எப்படிக் கண்டுபிடிப்பது? – வாசகர், ஷா ஆலம்

தாமான் ஸ்ரீ மூடா மூழ்கிய அந்த டிசம்பரை உங்கள் ஊர்க்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை. வெள்ளத்தில் கிடந்த காடியைக் கழுவி, வாசனை தெளித்து விற்பார்கள். ஆனால் எல்லா மூலையையும் கழுவ முடியாது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். வெளியே தெரியாத கடைசி இரண்டடியில் சேற்றுக் கறை இருக்கும். சீட்டு நகரும் தண்டவாளத்தின் இடுக்கு, டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் திருகாணிகள், ஸ்பேர் சாவி வைக்கிற டப்பா, இங்கெல்லாம் டார்ச் அடியுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியின் அடியில் காய்ந்த மண் இருந்தால் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது சரி.

மூழ்கியதுதான் என்றால் இன்ஜினைவிட வயரிங்தான் தொல்லை. இன்று ஓடும், ஆறு மாதம் கழித்து ஒரு பிளக்கில் பச்சை பூத்துப் பாதி வழியில் நிற்கும். அந்தக் காடியை ஊருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். நெடும்பயணத்துக்கு வேறு காடியில் போங்கள். வருத்தமாகத்தான் இருக்கும்.

வணக்கம் ஐயா. கணவர் பழைய டி-மேக்ஸ் வாங்கியிருக்கிறார். அடுத்த மாதம் தெற்கே ஜொகூர் வரை போகிறோம், நானும் மாறி மாறி ஓட்டுவேன். காடியைப் பற்றி அவர் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். நான் என்ன தெரிந்துகொள்ள வேண்டும்? – வாசகி, சுங்கை பட்டாணி

அவர் பார்த்துக்கொள்வார் அம்மா, ஆனால் டயர் பஞ்சராகும்போது அவர் பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருக்கலாம். ஆகவே இந்தச் சனிக்கிழமை வீட்டு வாசலிலேயே ஸ்பேர் டயரை இறக்கிப் பாருங்கள். அது பின்பக்கம் தட்டுக்கு அடியில் சங்கிலியில் தொங்கும். பம்பருக்குப் பக்கத்துத் துளையில் நீளக் கம்பியை விட்டுச் சுற்றினால் இறங்கும். பழைய காடிகளில் அந்தச் சங்கிலி துருப்பிடித்துச் சிக்கிக்கொண்டிருக்கும், அல்லது கம்பியே காணாமல் போயிருக்கும். இதை நெடுஞ்சாலை ஓரத்தில் மழையில் கண்டுபிடித்தவர்கள் எனக்குப் போன் போட்டிருக்கிறார்கள். போனில் நான் என்ன செய்ய முடியும்?

ஜாக் சரியாக ஏறுகிறதா என்று பாருங்கள். மெத்து மண்ணில் அது புதையும், அதனால் ஓர் அடி சதுரப் பலகை ஒன்றைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். சக்கர நட்டைக் கழற்ற உங்கள் கை பலம் போதாவிட்டால் ஸ்பானரை ஒரு பக்கமாக நீட்டி வைத்து, காடியைப் பிடித்துக்கொண்டு காலால் அழுத்துங்கள். ஜாக் போடுவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். இழுத்துக்கட்டும் கயிறு வைத்திருந்தால் அதை டிரெய்லர் மாட்டும் உருண்டையில் மட்டும் யாரும் மாட்ட விடாதீர்கள். உருண்டை பிய்ந்தால் குண்டு மாதிரி பறக்கும்.

டயரைத் திரும்ப மாட்டியாயிற்றா? 100 கி.மீ. ஓடியதும் எங்காவது தேநீருக்கு நிறுத்துவீர்கள் அல்லவா, அங்கே அந்த நட்டுகளை இன்னொரு முறை இறுக்கிவிட்டுப் போங்கள்.